மே 11 பற்றி மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

விளையாட்டரங்கொன்றின் வாசல்களுக்கும் வெளியேறும் வழிகளுக்கும் பொறுப்பாக நீ நியமிக்கப்பட்ட செய்தியை வாசித்து அம்மாவும் நானும் மிகவும் மகிழ்ந்தோம். அதே கடிதத்தில், நம் உறவினர் எவரும் இறக்காத, நாம் இந்தப் பிராட்போர்ட் ஊருக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பு நடந்த ஒரு தீ விபத்துக்காக ஒவ்வொரு மே மாதமும் நான் ஏன் சென்ரனரி சதுக்கத்தில் போய் நிற்கிறேன் என்றும் கேட்டிருந்தாய். நீ ஏற்றிருக்கும் வேலையே அதற்குப் பாதி விடை என்பதால், சற்று விரிவாக எழுதுகிறேன்.

1985 மே 11, சனிக்கிழமை. இங்கிலாந்து உதைபந்தாட்டத்தின் மூன்றாம் பிரிவில் முதலிடம் பெற்று, 1937க்குப் பின் முதன்முறையாக இரண்டாம் பிரிவுக்கு உயர்ந்திருந்த பிராட்போர்ட் சிற்றி கழகத்தின் அணித்தலைவரிடம் ஆட்டத்துக்கு முன்பே கிண்ணம் கையளிக்கப்பட்டது. லிங்கன் சிற்றியுடன் நடந்த அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தைப் பார்க்க, கழகத்தின் சொந்த மைதானமான ‘வேலி பரேட்’டுக்குப் பதினோராயிரத்துக்கும் மேற்பட்டோர் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். இடைவேளைக்குச் சில நிமிடங்கள் இருக்கையில், ஏறத்தாழ 3.40 மணிக்கு, பிரதான அரங்கின் ஒரு முனையில் பலகைகளுக்கடியில் புகை தெரிந்தது. தீ கண்ணுக்குத் தெரிந்து நான்கே நிமிடங்களுக்குள் அரங்கு முழுவதும் பற்றிக்கொண்டது. 56 பேர் இறந்தார்கள். 260க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் பாதிப்பேர் இருபது வயதை எட்டாதவர்கள் அல்லது எழுபதைக் கடந்தவர்கள். பேரப்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஆட்டம் பார்க்கப் போகும் ஊர் இது என்பதை அந்த ஒரு கணக்கே சொல்லிவிடுகிறது.

அணையாத தீக்குச்சியோ சிகரெட் துண்டோ பலகை இடுக்கு வழியாகக் கீழே விழுந்ததுதான் காரணம் என்று நீதிபதி ஒலிவர் பொப்பிள்வெல் தலைமையிலான விசாரணை முடிவு செய்தது. ஆனால் தம்பி, அந்தத் துண்டைத் தவறவிட்டவர் மீது பழியைப் போட என் மனம் ஒப்புவதில்லை. அந்த அரங்கு மலைச்சரிவில் 1911ஆம் ஆண்டளவில் மரத்தால் கட்டப்பட்டது, கூரைக்குத் தார் பூசிய விரிப்பு, இருக்கைகளுக்கடியில் வெற்றிடம், அந்த வெற்றிடத்தில் பல ஆண்டுக் குப்பை. தீக்குப் பின் அங்கே கண்டெடுத்தவற்றில் 1968ஆம் ஆண்டின் உள்ளூர்ப் பத்திரிகை ஒன்றும், பழைய நாணயத்தில் ஆறு பென்ஸ் என்று விலை அச்சிட்ட கடலைப் பொட்டலம் ஒன்றும் இருந்தன. பிரித்தானியா அந்த நாணயமுறையைக் கைவிட்டது 1971இல். யாரோ கடலை தின்று நழுவவிட்ட உறை, எவர் கையும் படாமல் அத்தனை ஆண்டுகள் அங்கேயே கிடந்திருக்கிறது.

எச்சரிக்கையும் வராமலில்லை. கவனக்குறைவாக எறியப்படும் ஒரு சிகரெட்டே தீக்குக் காரணமாகலாம் என்று உள்ளூராட்சி சபையிலிருந்து 1984இலேயே கழகத்துக்குக் கடிதம் போயிருந்தது. ஸ்கொட்லாந்தின் ஐப்ரொக்ஸ் மைதானத்தில் 1971இல் நெரிசலில் 66 பேர் இறந்த பிறகு, 1975இல் இயற்றப்பட்ட விளையாட்டு மைதானப் பாதுகாப்புச் சட்டம் மூன்றாம் பிரிவுக் கழகங்களைக் கட்டுப்படுத்தவில்லை. இரண்டாம் பிரிவுக்கு உயர்ந்ததால்தான் வேலை தொடங்கவிருந்தது. புதிய கூரைக்கான இரும்பு வந்து இறங்கியிருந்தது. திங்கட்கிழமை பணி ஆரம்பமாக வேண்டும். சனிக்கும் திங்களுக்கும் இடைப்பட்ட அந்த இரண்டு நாட்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

நீ ஊன்றிப் படிக்க வேண்டியது கதவுகளின் கதை. அரங்குக்கு வந்தவர்கள் பின்புறமாக நுழைந்தவர்கள். ஆபத்து வந்ததும் வந்த வழியே திரும்பினார்கள். அங்கே வாயில்கள் பல, சீட்டில்லாமல் எவரும் நுழைந்துவிடக் கூடாதென்று பூட்டப்பட்டிருந்தன. சுழல் கதவுகளோ வெளியே விடவில்லை. இறந்தவர்களில் பலர் அந்த இருண்ட நடைவழியிலேயே கிடந்தார்கள். தீயணைப்புக் கருவிகளையும், விஷமிகள் எடுத்து வீசிவிடுவார்கள் என்று முன்பே அகற்றியிருந்தார்கள். முன்பக்கமாக ஓடியவர்கள் சிறு மதிலைத் தாண்டி மைதானத்துக்குள் குதித்துப் பிழைத்தார்கள். அந்த அரங்குக்கு முன்னால் கம்பி வேலி இருந்திருந்தால் இறந்தவர் தொகை எங்கே போய் நின்றிருக்குமோ! நான்கு ஆண்டுகள் கழித்து, ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் கூட்டம் வேலியோடு நெரிபட்டுப் பலர் இறந்தபோது, வேலி என்ன செய்தது என்பதை நீ அறிவாய்.

தப்பியவர்கள் பலர் திரும்பவும் அனலுக்குள் போய்ப் பிறரை இழுத்து வந்தார்கள். சீருடைக்காரர், பார்வையாளர் என்ற வேறுபாடு அப்போது இருக்கவில்லை. கூரை கக்கிய வெப்பத்திலிருந்து தலையைக் காக்கக் கைகளை உயர்த்தியதால், பலருக்குப் புறங்கைகளும் உச்சந்தலையும் வெந்துபோயின. அவர்களுக்குச் சிகிச்சையளித்த சத்திரசிகிச்சை நிபுணர் டேவிட் ஷார்ப், வெந்த கையை உயர்த்தித் தாங்கும் தூக்குக் கட்டு ஒன்றை உருவாக்கினார்; ‘பிராட்போர்ட் ஸ்லிங்’ என்ற பெயரில் அது இன்றும் பயன்பாட்டில் உள்ளது. இங்குள்ள பல்கலைக்கழகத்தில் அவர் நிறுவிய தீக்காய ஆராய்ச்சிப் பிரிவுக்கு ஊர் மக்களும் கழக ஆதரவாளர்களும் இன்றுவரை பணம் சேர்த்துக் கொடுக்கிறார்கள். இந்த ஊரின் மீது எனக்குள்ள மரியாதைக்கு முதற்காரணம் இதுதான்.

1987இல் நீதிமன்றம், பொறுப்பில் மூன்றில் இரண்டு பங்கு கழகத்துக்கும் ஒரு பங்கு உள்ளூராட்சி சபைக்கும் உரியதென்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் விளையாட்டு இடங்களின் தீப் பாதுகாப்புக்கெனப் புதிய சட்டமும் வந்தது. சட்டம் வந்த விதம் எனக்கு ஆறுதல் தரவில்லை. ஆயினும் அது வந்ததால் பிழைத்திருக்கக்கூடியவர்களை எண்ணிப் பார்க்கிறேன்.

சதுக்கத்தில் உள்ள நினைவுச் சின்னம் பிராட்போர்டின் சகோதர நகரான ஜேர்மனியின் ஹாம் நகரம் அளித்தது. அங்கே மலர்வளையம் வைக்க லிங்கனிலிருந்தும் வருகிறார்கள், ஏனெனில் இறந்தவர்களில் இருவர் அவர்கள் ஊரவர். அவ்விருவரின் பெயரால் லிங்கன் மைதானத்தில் ஓர் அரங்கே இருக்கிறது. கழுத்தில் சிவப்பும் மஞ்சளுமான சால்வையோடு, தந்தையை இழந்த பிள்ளைகள் இப்போது தாங்களே பாட்டன்மாராகி வந்து நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் நிற்பதற்கு உறவு தேவையென்று நான் நினைக்கவில்லை. உன்னையும் நான் அரங்குக்கு அழைத்துச் சென்றவன்தானே.

வேலையில் சேர்ந்ததும், ஆட்டம் நடக்கும் நேரத்தில் ஒவ்வொரு பின்கதவின் அருகிலும் யார் நிற்கிறார், அதை உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்க முடியுமா என்பதை நீயே நடந்து போய்ப் பார். இருக்கைகளுக்கடியில் வெற்றிடமிருந்தால் குனிந்து பார்க்கத் தயங்காதே. எவராவது எச்சரித்துக் கடிதம் எழுதினால் அன்றைக்கே பதில் போகட்டும். அடுத்த கடிதத்தில் அந்தக் கதவுகளைப் பற்றி எனக்கு விவரமாக எழுது.

அன்புடன்,
அப்பா