உன் தம்பிக்குச் சொல்ல வேண்டியவை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு அவள் விரும்பிய வேலையே கிடைத்ததில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. இங்கே எல்லோரும் நலம். எனக்கு முழங்கால் வலி மட்டும் வந்து வந்து போகிறது. உன் தம்பியைப் பற்றி நீ எழுதிய பகுதியை, எழுத்தைக் குரலில் படித்துக்காட்டும் திரை வாசிப்பானில் நிறுத்தி நிறுத்தித் திரும்பத் திரும்பக் கேட்டேன். இனிப் பார்வை திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்ட பிறகு ஒரு வீடு எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். நானும் நடுவயதில் அந்த வழியாக வந்தவன்தானே.

நீ கேட்ட கேள்விக்குப் பிறகு வருகிறேன். போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தாயே, அதுதான் முதலில். சில நேரம் அவன் வெறும் சுவர்ப் பக்கம் திரும்பி "யார் அங்கே நிற்பது?" என்று கேட்கிறான், அம்மா பயந்துபோயிருக்கிறார் என்று. அம்மாவிடம் இன்றைக்கே சொல்லிவிடு: இது மனம் பேதலித்ததன் அறிகுறி அல்ல. பார்வை இழந்தவர்களில் பலருக்கு இப்படித் தோன்றுவதுண்டு. 1760இல் ஜெனீவாவைச் சேர்ந்த சார்லஸ் போனே என்ற அறிஞர் தம் தாத்தாவுக்கு நேர்ந்ததை எழுதிவைத்தார். கண்புரையால் பார்வை மங்கிப்போன அந்தப் பெரியவர், புத்தி முழுத் தெளிவோடு இருக்கும்போதே, இல்லாத மனிதர்களையும் பறவைகளையும் வண்டிகளையும் கட்டடங்களையும் கண்டார். அவை நிஜமல்ல என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. போனேயின் பெயரால்தான் இன்றும் மருத்துவர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள்.

காரணம் மூளையில் இருக்கிறது. கண்ணிலிருந்து செய்தி வருவது நின்றதும் பிடரிப் பக்கத்தில் உள்ள பார்வைப் பகுதி அடங்கிவிடுவதில்லை; தானாகவே இயங்கத் தொடங்குகிறது. 1998இல் லண்டனில் ஒரு குழு, இத்தகைய காட்சிகள் தோன்றுகிறவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தது. முகம் தோன்றியவர்களுக்கு முகங்களை அறியும் பகுதியும், நிறம் தோன்றியவர்களுக்கு நிறத்துக்குரிய பகுதியும் இயங்கியிருந்தன. இன்னொரு சோதனையில் நல்ல பார்வை உள்ள 13 பேரின் கண்களை ஐந்து நாள் முழுமையாகக் கட்டிவைத்தார்கள். 10 பேருக்கு ஏதோ ஒரு காட்சி தோன்றியது. வெறும் ஐந்து நாளில்!

எனக்கு முதலில் வந்தவை கட்டங்கள். ஓடு பதித்த தரை முடிவில்லாமல் விரிந்துகொண்டே போவது போல. பிறகு முகங்கள் வந்தன. அறிமுகமில்லாத முகங்கள், கண்ணும் பல்லும் அளவுக்கு மீறித் துருத்திக்கொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல். யாரிடமும் சொல்லாமல் வெகுகாலம் உள்ளேயே வைத்துப் புழுங்கினேன். ஒரு மருத்துவர் அதற்கு ஒரு பெயர் உண்டு என்று சொன்ன அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினேன். தம்பி தனிமையில் அப்படித் தவிக்கக் கூடாது. காட்சி தோன்றும்போது கண்களை இடமும் வலமுமாக வேகமாக அசைக்கச் சொல், எழுந்து வேறு அறைக்குப் போகச் சொல், பலருக்கு மறைந்துவிடும். ஆனால் குரல்களும் கேட்கின்றன என்றாலோ, தோன்றுவதை நிஜம் என்று அவன் நம்பினாலோ தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போ.

இப்போது உன் கேள்வி. "கண் போனால் காது கூர்மையாகும் என்கிறார்களே, அவனுக்கு எப்போது ஆகும்?" காது அப்படியேதான் இருக்கும். எவ்வளவு மெல்லிய ஒலி வரை கேட்கிறது என்று அளந்தால் எனக்கும் உனக்கும் வேறுபாடு வராது. கேட்டதை வைத்து மூளை என்ன செய்கிறது என்பதுதான் மாறுகிறது. அந்த மாற்றமும் சும்மா வருவதில்லை, உழைப்பால் வருவது.

பிரெய்ல் கற்கத் தொடங்கியபோது என் ஆள்காட்டி விரலின் கீழே இருந்தது வெறும் சொரசொரப்புதான். ஒவ்வொரு சிறு கட்டத்துக்குள்ளும் ஆறு புள்ளிகளுக்கு இடம். எந்தெந்தப் புள்ளி எழும்பியிருக்கிறது என்பதை வைத்து எழுத்து. புரியவில்லையே என்று அழுத்துவேன். அழுத்த அழுத்த விரல் நுனி மரத்துப்போகும். பஞ்சு வைத்தது போல விரலை இலேசாக வைத்து, நிறுத்தாமல் பக்கவாட்டில் நகர்த்தினால்தான் புள்ளிகள் தெரிகின்றன என்பது பிடிபடவே நெடுநாள் ஆயிற்று. அதற்கப்புறமும் புள்ளியை எண்ணி எண்ணித்தான் படித்தேன். எண்ணாமலே ஒரு சொல் முழுதாக வந்து நின்ற அன்று நான் அழுதேன்.

அந்த நேரத்தில் மண்டைக்குள் என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. சிறுவயதிலேயே பார்வை இழந்தவர்கள் விரலால் பிரெய்ல் படிக்கையில் பார்வைக்கான பகுதி வேலை செய்கிறது என்று 1996இல் ஓர் ஆய்வு காட்டியது. அடுத்த ஆண்டே, தலைக்கு வெளியிலிருந்து செலுத்திய காந்தத் துடிப்பால் அந்தப் பகுதியைச் சற்றுநேரம் குழப்பிப் பார்த்தார்கள். அவர்களுடைய வாசிப்பு தடுமாறியது. இன்னொரு நிகழ்வு இதைவிட உறுத்தியது. பிறவியிலேயே பார்வையற்ற ஒரு பெண், பிரெய்லில் கைதேர்ந்தவர். 63 வயதில் பக்கவாதம் வந்து மூளையின் பின்பகுதி இருபுறமும் பாதிக்கப்பட்டது. புள்ளிகள் விரலில் தட்டுப்படுகின்றன, ஆனால் அவை எழுத்தாகவில்லை. வாசிப்பு அடியோடு போய்விட்டது. ஒருநாள்கூட எதையும் பார்த்திராத அவருடைய பார்வைப் பகுதிதான் அதுவரை படித்துக்கொண்டிருந்திருக்கிறது.

ஆனால் இதை அப்படியே தம்பிக்குச் சொல்லிவிடாதே. 14 வயதுக்குப் பிறகு பார்வை இழந்தவர்களிடம் அதே காந்தச் சோதனையைச் செய்தபோது வாசிப்பு தடுமாறவில்லை. பிள்ளைப் பருவத்தில் நடக்கும் அளவுக்கு ஆழமான மாற்றம் பெரியவர்களுக்கு வாய்ப்பதில்லை. அதே சமயம், ஐந்து நாள் கண்ணைக் கட்டிய சோதனைகளில், தொடுதலுக்குப் பார்வைப் பகுதி எதிர்வினை காட்டத் தொடங்கியது. கட்டை அவிழ்த்த ஒரு நாளைக்குள் அது மறைந்தும் போயிற்று. அவ்வளவு விரைவில் புது நரம்பு முளைத்திருக்க முடியாது. ஏற்கெனவே உள்ள இணைப்புகள், கண்ணின் ஆரவாரம் ஓய்ந்ததும் வெளிப்பட்டன என்றுதான் கொள்ள வேண்டும். 2023இல் தாமர் மாக்கின், ஜான் கிராக்கவர் என்ற மூளை ஆய்வாளர்கள் இருவரும் இன்னும் ஒருபடி மேலே போய், மூளைப் பகுதிகள் வேலையையே மாற்றிக்கொள்கின்றன என்ற பேச்சே மிகை, இருக்கிற திறனைப் பயிற்சி வலுப்படுத்துகிறது, அவ்வளவுதான் என்று வாதிட்டார்கள். அந்த விவாதம் ஓயவில்லை. என் அனுபவத்துக்கு அவர்கள் சொல்வதுதான் நெருக்கமாக இருக்கிறது. எந்த அற்புதமும் எனக்கு நிகழவில்லை. பழகினேன், வந்தது.

இழப்பும் உண்டு, அதை யாரும் சொல்வதில்லை. பிறவியிலேயே பார்வையில்லாதவர்கள் பக்கவாட்டிலிருந்து வரும் ஒலியின் திசையை மற்றவர்களைவிட நன்றாகக் கண்டுபிடிப்பதாகச் சில சோதனைகள் காட்டுகின்றன. ஆனால் மூன்று ஒலிகளை வெவ்வேறு இடங்களிலிருந்து வரிசையாக ஒலிக்கச் செய்து, நடுவில் கேட்டது முதல் ஒலிக்கு நெருக்கமா கடைசி ஒலிக்கு நெருக்கமா என்று கேட்டால் அவர்களில் பலர் திணறுகிறார்கள். இடத்தைப் பற்றிய கணக்கைக் காதுக்குக் கற்றுத்தருவதில் கண்ணுக்கும் பங்கு இருக்கிறது போலும். உன் தம்பி இத்தனை ஆண்டு பார்த்து வளர்ந்தவன். அறை என்றால் என்ன, மூலை என்றால் என்ன, தெரு எப்படித் திரும்பும் என்பதெல்லாம் அவனுக்குள் இருக்கிறது. அது சின்ன மூலதனம் அல்ல.

அதை வைத்துத் தொடங்கச் சொல். வெண்கோல் பயிற்சியைத் தள்ளிப்போட வேண்டாம். திரை வாசிப்பானின் வேகத்தை நாளாக நாளாகக் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போகட்டும். நான் கேட்கும் வேகத்தில் நீ கேட்டால் உனக்கு ஒரு சொல்லும் பிடிபடாது. பிரெய்லை, கைப்பேசிதான் படித்துக் காட்டுகிறதே என்று விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். காதால் கேட்பதில் எழுத்துக்கூட்டு மறந்துபோகிறது. விரலால் படிப்பவனுக்கு மறப்பதில்லை.

நானே இப்போது புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டிருக்கிறேன். நாக்கால் மேலண்ணத்தில் சொடுக்கி, அந்த ஒலி திரும்பி வருவதைக் கேட்டு எதிரே இருப்பதை அறிவது. டேனியல் கிஷ் என்ற பார்வையற்ற அமெரிக்கர் இதில் பெயர் பெற்றவர். 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 79 வயது வரை உள்ளவர்கள் பத்து வாரப் பயிற்சியில் இதைக் கற்றார்கள். பார்வை உள்ளவர்களும் அவர்களில் இருந்தார்கள். எனக்கு மூடிய கதவுக்கும் திறந்த கதவுக்கும் வேறுபாடு தெரிய ஆரம்பித்திருக்கிறது. மூடிய கதவின் முன் சொடுக்கு வறண்டு, முகத்தருகே வந்து நிற்கிறது. திறந்த கதவில் அது போய்விடுகிறது. தூணும் மனிதனும் இன்னும் பிடிபடவில்லை.

வீட்டில் உள்ளவர்களிடம் ஒன்று சொல். பரிவு மிகுதியால் தம்ளரை அவன் கையில் கொண்டுபோய்த் திணிக்காதீர்கள். எங்கே இருக்கிறது என்று சொன்னால் போதும், அவனே எடுக்கட்டும். நாற்காலி, செருப்பு, சாவி எதையும் சொல்லாமல் இடம் மாற்றாதீர்கள்.

அவனோடு நேரே பேச எனக்கு ஆசை. மாலை ஆறு மணிக்கு மேல் எப்போது வேண்டுமானாலும் அழைக்கச் சொல். நீ பக்கத்தில் இருக்க வேண்டாம். அவனுக்குக் கேட்க வேண்டியவை உன் முன்னால் வராது.

அன்புடன்,
உன் நண்பன்