மழை நாள் நிதி எந்த மழைக்கு?

டெக்சஸ் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு வணக்கம்.

தமிழில் எழுதினால் நீங்கள் படிக்கப் போவதில்லை என்று தெரியும். பரவாயில்லை. ஹூஸ்டன் புறநகர்களான கேட்டி, சுகர்லேண்ட், பியர்லேண்ட் பக்கம் உங்களுக்கு ஓட்டுப் போடுகிற தமிழர்கள் நிறையவே இருக்கிறோம். அவர்கள் படித்துவிட்டு உங்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டால் போதும். கேட்க வந்தது உங்கள் மழை நாள் நிதியைப் பற்றி, அதாவது கஷ்ட காலத்துக்கு என்று மாநிலம் சேர்த்து வைத்திருக்கும் பணத்தைப் பற்றி.

ஹார்வி புயலில் என் வீட்டுக்குள் இரண்டரை அடி தண்ணீர் வந்தது. ஹூஸ்டனில் இதைச் சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், ஹூஸ்டன் இருக்கிற ஹாரிஸ் கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் தண்ணீர் புகுந்தது. 2017 ஆகஸ்ட் 25 இரவு ராக்போர்ட் பக்கம் நான்காம் வகைப் புயலாகக் கரையேறிய ஹார்வி, அப்புறம் போக மனமில்லாத விருந்தாளி மாதிரி நாள்கணக்கில் இங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. நெடர்லாந்து என்ற ஊரில் 60 அங்குலத்துக்கு மேல் மழை. மொத்தச் சேதம் 125 பில்லியன் டாலர், நம் கணக்கில் சொன்னால் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு கோடி டாலர்.

வீடு வாங்கும்போது ஏஜென்ட் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "இது வெள்ளப் பகுதி வரைபடத்துக்கு வெளியே இருக்கிறது, வெள்ளக் காப்பீடு எதற்கு, வீண் செலவு." நானும் நம்பினேன். சாதாரண வீட்டுக் காப்பீட்டில் வெள்ளம் சேராது என்பது சுவரை நான்கடி உயரத்துக்கு வெட்டி எடுத்து வீதியோரம் குவித்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. அப்புறம் பார்த்தால், மூழ்கிய வீடுகளில் பாதிக்கு மேல் அந்த நூறாண்டு வெள்ள வரைபடத்துக்கு (எந்த ஆண்டிலும் நூற்றில் ஒரு பங்கு வெள்ள வாய்ப்புள்ள இடங்களைக் காட்டுவது) வெளியேதான் இருந்தன, பெரும்பாலான வீடுகளுக்குக் காப்பீடும் இல்லை. காப்பீடு இல்லாதவர்களுக்கு மத்திய அரசின் பேரிடர் உதவி அமைப்பான ஃபீமா அப்போது ஒரு குடும்பத்துக்குக் கொடுக்கக்கூடிய உச்சவரம்பே 33,300 டாலர்தான். அது முழுதாகக் கிடைத்தவர்கள் குறைவு. மீதிக்கு அரசுக் கடன், கிரெடிட் கார்டு, ஓய்வுக்கால சேமிப்பு. நான் மூன்றிலும் கை வைத்தேன்.

சரி, என் கதை போதும். வெள்ளத்துக்குப் பிறகு யார் யார் பணம் கட்டினார்கள் என்று பாருங்கள். வீட்டுக்காரர் கட்டினார். வாஷிங்டன் கட்டியது, அதாவது ஒஹாயோவிலும் ஓரிகனிலும் இருக்கிற வரி செலுத்துவோர். தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் கடனில் மூழ்கிக் கிடந்ததால் 2017 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அதன் 16 பில்லியன் கடனைத் தள்ளுபடியே செய்தது. 2018 ஆகஸ்ட் 25 அன்று, புயல் கரையேறி சரியாக ஒரு வருடம் கழித்து, ஹாரிஸ் கவுண்டி மக்கள் இரண்டரை பில்லியன் டாலர் கடன்பத்திரத்துக்கு ஓட்டுப் போட்டுச் சம்மதித்தார்கள். எங்கள் சொத்து வரியைக் கூட்டிக்கொள்ளுங்கள் என்று நூற்றுக்கு எண்பதுக்கு மேல் பேர் சொன்னார்கள். டெக்சஸில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கே தெரியும்.

நீங்கள் என்ன செய்தீர்கள்?

ஹார்வி வந்தபோது உங்களிடம் ஏறக்குறைய 10 பில்லியன் டாலர் சும்மா இருந்தது. சட்டத்தில் அதன் பெயர் பொருளாதார நிலைப்படுத்தல் நிதி. உங்களையும் சேர்த்து எல்லாரும் சொல்லும் பெயர் 'ரெய்னி டே ஃபண்ட்', மழை நாள் நிதி. எண்பதுகளில் எண்ணெய் விலை சரிந்து மாநிலம் திண்டாடிய பிறகு 1988ல் மக்களே ஓட்டுப் போட்டு உருவாக்கியது, எண்ணெய், எரிவாயு உற்பத்தி வரியிலிருந்து நிரம்புவது. அறுபது அங்குலம் மழை பெய்தும் அதற்கு மழை நாள் வரவில்லை. சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டம் தேவையில்லை, 2019ல் வழக்கமான கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றார் ஆளுநர் ஆபட். ஹூஸ்டன் மேயர் டர்னர், வேறு வழியில்லை, ஒரு வருடத்துக்குச் சொத்து வரியைக் கூட்டுகிறேன் என்று சொன்ன பிறகு ஆளுநரிடமிருந்து 50 மில்லியனுக்கு ஒரு செக் வந்தது. 2017 அக்டோபர் கடைசியில் வாஷிங்டனிடம் 61 பில்லியன் கேட்டு மனு போனது. தன் பெட்டிக்குப் பூட்டுப் போட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் கடன் கேட்கப் போவதை எங்கள் ஊரில் வேறு விதமாகச் சொல்வார்கள், இங்கே வேண்டாம்.

அதுவும் எந்தப் பக்கத்து வீடு? 2013 ஜனவரியில் சாண்டி புயலுக்காக நியூ ஜெர்சி, நியூ யார்க் மக்களுக்கான 50 பில்லியன் உதவி மசோதா வந்தபோது, டெக்சஸின் இரண்டு செனட்டர்களும், கார்னினும் குரூஸும், எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். அது நீங்கள் இல்லை, வாஷிங்டனில் இருப்பவர்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கேட்கும்போது கூச்சமாக இருந்திருக்க வேண்டும்.

2019ல் அந்த நிதியிலிருந்து ஒன்றரை பில்லியனுக்கு மேல் வெள்ளத் தடுப்புக்கு ஒதுக்கினீர்கள். நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் இரண்டு வருடம் தாமதம். அந்த இரண்டு வருடத்தில்தான் காஷ்மியர் கார்டன்ஸ் மாதிரிப் பேட்டைகளில் கூரைக்கு மேல் நீலத் தார்ப்பாய் போட்டுக்கொண்டு பூஞ்சை பிடித்த வீட்டுக்குள்ளேயே குடும்பங்கள் இருந்தன. தாத்தா கட்டிய வீடு, பத்திரம் பேரன் பெயருக்கு மாறவில்லை, அதனால் உதவி இல்லை என்று அப்போதைய விதிப்படி திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எத்தனையோ பேர்.

2021ல் நடந்தது இன்னும் மோசம். வருங்கால வெள்ளத்தைத் தடுக்க என்று வாஷிங்டன் கொடுத்த பணத்தில் முதல் தவணையாக சுமார் ஒரு பில்லியனை உங்கள் மாநில நில அலுவலகம் பங்கிட்டது. ஹூஸ்டன் நகரத்துக்குப் பூஜ்யம், ஹாரிஸ் கவுண்டிக்கும் பூஜ்யம். ஒரு திட்டத்தால் பயன்பெறுவோர் அந்த ஊர் ஜனத்தொகையில் எத்தனை சதவீதம் என்று பார்த்து மதிப்பெண் போட்டார்களாம். இருபது லட்சம் பேர் இருக்கிற ஊரில் பத்தாயிரம் குடும்பத்தைக் காப்பாற்றினாலும் சதவீதம் தேறாது, நாலாயிரம் பேர் இருக்கிற ஊரில் ஒரு வாய்க்கால் வெட்டினால் நூற்றுக்கு நூறு. இந்த முறை சிறுபான்மையினருக்கு எதிரான பாகுபாடு என்று 2022 மார்ச்சில் மத்திய வீட்டுவசதித் துறையே சொல்லிவிட்டது. கூச்சல் போட்ட பிறகு கவுண்டிக்கு 750 மில்லியன் தருவதாகச் சொன்னீர்கள்.

இந்தக் கணக்கில் பெயரே வராத இன்னொரு ஆள் உண்டு, நிலத்தை மனை போட்டு விற்றவர். ஆடிக்ஸ், பார்க்கர் என்று மேற்கு ஹூஸ்டனில் இரண்டு நீர்த்தேக்கங்கள், 1940களில் ராணுவப் பொறியாளர் படை கட்டியவை. வழக்கமாக அவற்றில் தண்ணீரே இருக்காது, பூங்காவும் சைக்கிள் பாதையுமாக இருக்கும். பெருமழை வந்தால் நிரம்பும். நிரம்பினால் எதுவரை தண்ணீர் ஏறும் என்று கணக்கு இருக்கிறது, ஆனால் அந்த எல்லை முழுவதையும் அரசு வாங்கவில்லை. பார்க்கரில் கடல்மட்டத்திலிருந்து 95 அடி வரைதான் அரசு நிலம், ஹார்வியில் தண்ணீர் 101 அடியைத் தாண்டியது. இடைப்பட்ட ஆறடியில் ஆயிரக்கணக்கான வீடுகள். ஃபோர்ட் பெண்ட் கவுண்டி பக்கம் மனை வரைபடத்தின் மூலையில் இந்த நிலம் தண்ணீரில் மூழ்கலாம் என்று பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. வீடு வாங்குபவர் மனை வரைபடத்தைப் பூதக்கண்ணாடி வைத்தா பார்ப்பார்? மேலே இருந்தவர்கள் வீட்டுக்குள் தேக்கம் வந்தது. ஆகஸ்ட் 28 அதிகாலை மதகைத் திறந்தபோது கீழே பஃபலோ பயூ என்ற ஓடை ஓரத்தில் இருந்தவர்கள் வீட்டுக்குள் ஆறு வந்தது. (அன்று சென்னையிலிருந்து அம்மா போனில் கேட்ட முதல் கேள்வி: "செம்பரம்பாக்கம் மாதிரியா?" 2015ஐ அவள் மறக்கவில்லை.) மேல்பக்க வீடுகளுக்கு மத்திய அரசுதான் பொறுப்பு என்று 2019 டிசம்பரில் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மறுபடியும் வாஷிங்டன் தலையில்.

மனை போட்டவருக்கு என்ன செலவு? இங்கே வடிகாலும் குழாயும் போட 'மட்' என்று வரி போடும் உரிமையுள்ள ஒரு வட்டார அமைப்பை உருவாக்குவார்கள், ஆங்கிலத்தில் அந்த வார்த்தைக்குச் சேறு என்று பொருள், நான் சிரிக்கவில்லை. அந்த அமைப்பு கடன்பத்திரம் விற்று, மனை போட்டவர் செலவழித்ததைத் திருப்பிக் கொடுக்கும். கடனை வீடு வாங்கியவர்கள் வருடா வருடம் வரியாகக் கட்டுவார்கள். ஆக, தண்ணீர் வடியாத வடிகாலுக்கும் பணம் கட்டுவது வீட்டுக்காரர்தான். வீடு மூழ்கக்கூடும் என்பதை விற்பவர் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று 2019ல் சட்டம் போட்டீர்கள், அதற்கு நன்றி. எழுதிக் கொடுத்தால் போதுமா? தேக்கத்தின் எல்லைக்குள் புதிதாக மனை போடுகிறவர் வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரு வைப்புத்தொகை கட்டட்டும், வெள்ளம் வந்தால் முதலில் அதை எடுக்கட்டும். மனை விலை ஏறும் என்பார்கள். ஏறட்டும், அந்த நிலத்தின் உண்மையான விலை அதுதான்.

மாநிலத்தின் வட கோடியில் இருக்கிற அமரில்லோக்காரர் எதற்கு ஹூஸ்டன் வெள்ளத்துக்குப் பணம் தர வேண்டும் என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. மேற்கு டெக்சஸின் பெர்மியன் படுகையில் எடுக்கிற எண்ணெய்தான் அந்த நிதியை நிரப்புகிறது, அந்த எண்ணெயில் பெரும்பங்கு வளைகுடாக் கரையில்தான் சுத்திகரிக்கப்பட்டுக் கப்பலேறுகிறது, அந்த மாதிரி எண்ணெயை எரித்து மனிதர்கள் சூடாக்கிய பூமிதான் ஹார்வியின் மழையைச் சுமார் 15 சதவீதம் கூட்டியது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். லாபத்தில் மாநிலம் முழுக்கப் பங்கு, நஷ்டத்தில் மட்டும் எங்கள் தெருவா? 2025 ஜூலையில் கெர் கவுண்டியில் குவாடலூப் ஆறு பெருகி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு சிறப்புக் கூட்டத்திலேயே வெள்ள நிவாரணத்துக்குப் பணம் ஒதுக்கினீர்கள். மனம் இருந்தால் முடிகிறது.

அந்த நிதி இப்போது 20 பில்லியனைத் தாண்டி நிற்கிறது. அதைத் தொட மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், ஓட்டுப் போட நீங்கள் ஆஸ்டினில் கூடியிருக்க வேண்டும். நீங்கள் கூடுவது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, ஜனவரியில் தொடங்கி 140 நாள். அது முடிந்து நீங்கள் பெட்டி கட்டுகிற நேரத்தில், ஜூன் 1 அன்று, இங்கே புயல் பருவம் தொடங்குகிறது. பேரிடர் அறிவித்த நாளிலேயே ஒரு பங்கு தானாகக் கவுண்டிகளுக்குப் போகும்படி அடுத்த கூட்டத்தில் ஒரு திருத்தம் கொண்டுவாருங்கள். அரசியல் சட்டத் திருத்தம் என்றால் மக்களிடம் ஓட்டுக்கு வரும், வரட்டும். கடன்பத்திரத்துக்கு நாங்கள் எப்படி ஓட்டுப் போட்டோம் என்று பார்த்தீர்கள்தானே.

இப்படிக்கு,
மேற்கு ஹூஸ்டனிலிருந்து, இந்த முறை வெள்ளக் காப்பீட்டுடன் ஒரு வாக்காளர்