பாப்பாவுக்கு, மதுராந்தகத்திலிருந்து

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. சட்டை நன்றாக இருக்கிறது, கை மட்டும் கொஞ்சம் நீளம், அம்மா மடித்துத் தைத்துவிட்டாள். அனுப்புநர் முகவரி புதிதாக இருந்தது, டைரியில் எழுதி வைத்துக்கொண்டேன். மாப்பிள்ளைக்குத் தனியாக எழுதவா, இல்லை இந்தக் கடிதத்திலேயே விசாரித்தால் போதுமா என்று யோசித்துக்கொண்டே இரண்டு வாரம் போய்விட்டது. சரி, அது இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு.

மாடி வேலை முடிந்தது. சித்தப்பா கேட்ட கணக்கையும் கொடுத்தாகிவிட்டது, இனி அந்தப் பேச்சு வராது.

உன் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தை மூன்று தடவை படித்தேன். ஏரியில் மிதக்கும் உயிர்களுக்கெல்லாம் கடல்தான் தாய்வீடு என்று முப்பத்தோரு வருடம் வகுப்பில் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனவன் நான். அது அத்தனை எளிதில்லை என்று இப்போதுதான் நிதானமாகப் பார்க்கிறேன். டாஃப்னியா என்கிற நீர்த்தெள்ளின் கூட்டம் டைனோசர் காலத்திலேயே நன்னீரில் குடியேறிவிட்டது, அதன் முட்டைப் பொதிகளே கல்லில் பதிந்து கிடைக்கின்றன. கோப்பிபாடுகள் என்கிற பொடி இறால் மாதிரிப் பூச்சிகளோ ஒரே தடவையில் வந்து சேர்ந்தவை அல்ல, வெவ்வேறு குடும்பம் வெவ்வேறு காலத்தில் தனித்தனியாகக் கடலை விட்டு உள்ளே வந்திருக்கிறது. அந்தக் கோப்பிபாடுகளிலும் உன் யூரிடெமோரா! கழிமுகத்து உவர்நீரில் இருந்தது, கடல் கப்பல்கள் உள்ளே வரும் செயின்ட் லாரன்ஸ் கடல்வழி 1959 இல் திறந்த காலத்தை ஒட்டி, பெரும்பாலும் கப்பல்கள் பாரத்துக்காக அடியில் ஏற்றிவரும் தண்ணீரோடு, வட அமெரிக்கப் பேரேரிகளுக்குள் வந்துவிட்டது. நான் பிறந்ததற்கு முந்தைய வருடம் அது. கோடி வருடக் கணக்கு என்று நான் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்த விஷயம் கிட்டத்தட்ட என் வயதுக்குள் நடந்திருக்கிறது. இப்படிப் பல இடங்களில் தனித்தனியாக நடந்திருக்கிறது என்று ஆராய்ச்சியாளர் காரல் லீ 1999 இல் காட்டியதையும், அமெரிக்காவில் இருக்கும் வகைக்கு 2011 இல் அவர் பெயரையே வைத்ததையும் அம்மாவிடம் சொன்னேன். நம்ம பாப்பா பெயரையும் வைப்பார்களா என்று கேட்டாள். வைப்பார்கள் என்றேன்.

நன்னீருக்கு வந்ததும் அந்தச் சிறிய உடம்பு படும் பாட்டை நீ நன்றாக எழுதியிருக்கிறாய். வெளித் தண்ணீர் உடம்புக்குள் புகுந்துகொண்டே இருக்கும், உள்ளே இருக்கும் உப்பு கசிந்துகொண்டே இருக்கும், உப்பு அநேகமாக இல்லாத தண்ணீரிலிருந்து உப்பை இழுத்துக்கொள்ள ஓயாமல் சக்தி செலவாகும். எல்லாம் பிழைப்பதில்லை. தாங்கக்கூடிய சில பிழைத்து, சில தலைமுறையிலேயே அந்தக் கூட்டம் மாறிவிடுகிறது. அப்புறம் அந்தச் சாப்பாட்டுப் பத்தி. நிறையத் தீனி கிடைத்தால் உவர்நீர்க் கூட்டத்துப் பூச்சிகூட நன்னீரைக் கூடுதலாகத் தாங்குகிறது, தீனி குறைந்தால் செத்துப்போகிறது என்ற இடம். அங்கே பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். போன மாதம் நீ அனுப்பிய போட்டோவில் கழுத்தெலும்பு தெரிகிறது. காலையில் வெறும் காப்பியோடு போகாதே. தனியாளாக இருந்தாலும் ரசமாவது வைத்துக்கொள். தனியாளாக என்று ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை, அடிக்கவும் மனசில்லை.

போன் பண்ணி முப்பத்தெட்டு நாள் ஆகிறது. வேலை இருக்கும், தெரியும். ஆனால் தம்பிக்கு மெசேஜ் போடத் தெரிந்த உனக்கு அம்மாவிடம் இரண்டு நிமிடம் பேச முடியவில்லையா? அவள் கேட்கமாட்டாள், போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.

ரஷ்யாவின் பைக்கால் ஏரிக் கதையை உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன். விஞ்ஞானி மிகயீல் கோஷோவ் 1940களில் ஒரே இடத்தில் படகை நிறுத்தி மிதவை உயிர்களை எடுக்க ஆரம்பித்தார், குளிர்காலத்தில் பனிக்கட்டியைத் துளைத்து எடுத்தார்கள். அவருக்கு அப்புறம் மகள் ஓல்கா, அப்புறம் பேத்தி லியுபோவ், அறுபது வருடத்துக்கு மேல் அதே இடம். வருடா வருடம் வகுப்பில் இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். அப்படிச் சொன்னவன், என் மகள் அதே வழியில் வருகிறேன் என்றபோது என்ன செய்தேன்?

பாப்பா, அந்த ஹார்லிக்ஸ் பாட்டிலை அத்தை கொட்டவில்லை. நான்தான் கொட்டினேன்.

கோடையில் வெடித்துக் கிடந்த ஏரி மண்ணை நீ ஒன்பது வயதில் சுரண்டிக்கொண்டு வந்தது. வருடம் ஒருமுறை ஒரு கரண்டி மண்ணில் தண்ணீர் ஊற்றிவிட்டு லென்ஸோடு உட்கார்ந்திருப்பாய், முட்டை பொரிந்து வெள்ளைப் புள்ளிகள் துள்ளும், தெருவையே கூப்பிடுவாய். மெடிக்கல் சீட் வந்தும் வேண்டாம், விலங்கியல்தான் என்று நீ சொன்ன அன்று ராத்திரி, நீ தூங்கின பிறகு, பாட்டிலைத் திறந்து கொல்லைச் சாக்கடையில் கொட்டிக் கழுவினேன். காலையில் நீ தேடியபோது அத்தை கழுவிப் போட்டிருப்பாள் என்று சொன்னது என் வாய்தான். அத்தை என்னைப் பார்த்தாள், மறுக்கவில்லை. அந்த மண்ணில் என்ன இருந்தது என்று இந்த வீட்டில் உனக்கு அடுத்தபடியாகத் தெரிந்தவன் நான். அமெரிக்க ஏரி ஒன்றின் அடிச் சேற்றிலிருந்து 600 வருடத்துக்கும் மேற்பட்ட டாஃப்னியா முட்டைகளைப் பொரிக்கவைத்தார்கள் என்று நீ எழுதிய பக்கத்தைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை.

அப்புறம் நீ அத்தையோடு சரியாகப் பேசவே இல்லை. கல்யாணத்தில்கூட அவள் காலில் விழக் கடைசியாகத்தான் போனாய், நான் பார்த்துக்கொண்டு நின்றேன். எதையும் எங்களிடம் சொல்ல நீ தயங்குகிறாய் என்றால், அன்று நான் போட்ட கூச்சல்தான் காரணமோ என்று நினைக்கிறேன். இப்போது கூச்சல் போடமாட்டேன். என்ன முடிவு எடுத்திருந்தாலும் சரி, எடுக்காமல் இருந்தாலும் சரி.

எனக்குப் பிறகு பண்ணலாம், முதலில் அத்தைக்குப் போன் பண்ணு. உனக்கு இரவு எட்டு மணி என்றால் இங்கே காலை ஆறரை, வாசல் தெளித்துவிட்டு உட்கார்ந்திருப்பாள். காது மந்தமாகிவிட்டது, சத்தமாகப் பேசு. சாப்பிட்டுவிட்டுப் பேசு.

அப்பா