மின்னழுத்தத்தையும் அளவிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

2025 பெப்ரவரி 9ஆம் திகதி இலங்கை முழுவதும் இருளில் மூழ்கியதை நினைவூட்டி, மின்விநியோகத்தின் நம்பகத்தன்மை பற்றித் தாங்கள் எழுதிய ஆசிரியர் தலையங்கம் மின்தடையோடு நின்றுவிட்டது. விளக்கு எரியும்போதே மின்னழுத்தம் குறைந்து மின்சாரம் தரங்குன்றியிருப்பதும் அதேயளவு பாரதூரமானது. வீடுகளுக்கு 230 வோல்ட், 6 சதவீத ஏற்றத்தாழ்வுக்குள் கிடைக்கவேண்டும். வெள்ளவத்தையில் எமது தொடர்மாடியிலோ இரவு ஏழு மணிக்குப் பின் மின்விசிறி தளர்ந்து சுழல்கிறது, குளிர்சாதனப் பெட்டியின் கம்பிரசர் இயங்க முடியாமல் உறுமி நின்றுவிடுகிறது. அதைத் திருத்தும் செலவு எந்த மின்தடைக் கணக்கிலும் சேர்வதில்லை.

கானாவின் அக்ரா நகரில் வீட்டு பிளக்குகளில் சிறு கருவிகளைப் பொருத்தி மின்தடையையும் மின்னழுத்தத்தையும் அளந்திருக்கிறார்கள். எமது மின்துறையை ஒழுங்குபடுத்தும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவும் மின்மாற்றிகளுக்குத் தொலைவான, கம்பித்தொடரின் கடைசி வீடுகளில் இவ்வாறு அளந்து, பகுதிவாரியாக மாதந்தோறும் வெளியிடவேண்டும்.

வாசகர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.