மாட்டுவண்டிப் படத்தின் கீழே இருந்த வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிஎம்எஸ்-03 செயற்கைக்கோள் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2025 நவம்பர் 2ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏறக்குறைய 4,400 கிலோ எடையை எல்விஎம்3 ராக்கெட் தூக்கிச் சென்றதைத் தெளிவாக எழுதியிருந்தீர்கள். ஆனால் கூடவே போட்டிருந்த பழைய படமும் அதன் கீழே இருந்த வரியும் என்னை உறுத்திக்கொண்டே இருக்கின்றன. மாட்டுவண்டியின் மேல், இந்தியாவின் முதல் தகவல்தொடர்புச் செயற்கைக்கோளான ஆப்பிள் இருக்கும் படம் அது. லாரிக்குக்கூட வழியில்லாத காலம் என்ற பொருளில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். வாட்ஸ்அப்பிலும் இந்தப் படம் இதே விளக்கத்தோடுதான் சுற்றுகிறது. அது தவறு.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் இயற்பியல் கற்பித்தவன். ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது ஒரு மாணவன் இந்தப் படத்தைப் பற்றிக் கேட்பான். பாடிக்கொண்டிருக்கும் சின்ன ட்ரான்சிஸ்டரை எவர்சில்வர் தூக்குக்குள் வைத்து மூடிக் காட்டுவேன். பாட்டு மங்கிக் கரகரக்கும். பிறகு அதையே மரப்பெட்டிக்குள் வைப்பேன். பாட்டு அப்படியே கேட்கும். உலோகம் வானொலி அலையைத் தடுக்கும், திருப்பி அடிக்கும். மரம் பெரும்பாலும் விட்டுவிடும். மாட்டுவண்டியின் காரணம் இவ்வளவுதான். ஆப்பிளின் ஆன்டெனா எந்தத் திசையில் எப்படி அலையை வாங்குகிறது, அனுப்புகிறது என்று திறந்தவெளியில் அளக்க வேண்டியிருந்தது. லாரியின் இரும்புச் சட்டத்தின் மேல் வைத்தால் அதில் பட்டுத் திரும்பும் அலைகள் அளவைக் கெடுத்துவிடும். ஆகவே இஸ்ரோ விஞ்ஞானிகள் பெரும்பகுதி மரத்தாலான வண்டியைத் தேர்ந்தெடுத்தார்கள். பணம் இருந்திருந்தாலும் அன்றைக்கு அவர்கள் லாரியைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

(கேரளத்தின் தும்பா ஏவுதளத்தில் சைக்கிள் கேரியரில் ராக்கெட்டின் கூம்பு முனையைக் கொண்டுபோன படத்தையும் இதோடு சேர்த்துக் குழப்புகிறார்கள். அது அறுபதுகளின் படம். அங்கே வசதிக் குறைவு என்பது உண்மைதான்.)

அந்த ஆன்டெனா சோதனைக்கு ஏன் இத்தனை மெனக்கெட வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கி.மீ. உயரத்தில் ஒரு செயற்கைக்கோள் பூமியைச் சுற்ற 23 மணி 56 நிமிடம் ஆகும். பூமி தன்னைத்தானே சுற்றுவதும் அதே நேரத்தில்தான். அதனால்தான் நம் மொட்டைமாடி டிஷ்ஷை ஒருமுறை திருப்பி வைத்தால் போதும். ஆனால் ராக்கெட் பொதுவாக நேரே அந்த இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவதில்லை. ஒரு முனை பூமியிலிருந்து சில நூறு கி.மீ., மறுமுனை 36,000 கி.மீ. என்று நீண்ட முட்டைப் பாதையில் விட்டுவிட்டுப் போய்விடும். தொலைமுனைக்கு வரும் நேரம் பார்த்து, செயற்கைக்கோளில் இருக்கும் மோட்டாரைத் தரையிலிருந்து கட்டளை அனுப்பி எரிய வைக்க வேண்டும். கட்டளையைக் கேட்க அதற்கு இருக்கும் காது ஆன்டெனாதான்.

1981 ஜூன் 19 அன்று தென் அமெரிக்காவின் பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூவிலிருந்து ஏரியான் ராக்கெட்டில் ஆப்பிள் புறப்பட்டது. அது ஏரியானின் மூன்றாவது சோதனைப் பயணம். அதற்கு முந்தையது 1980 மே மாதம் தோற்றுப் போயிருந்தது. ஐரோப்பிய விண்வெளி அமைப்பு கட்டணமில்லாமல் தந்த இடம் அது. தோற்ற ராக்கெட்டின் அடுத்த பயணத்தில், 670 கிலோ எடையுள்ள தங்கள் முதல் தகவல்தொடர்புச் செயற்கைக்கோளை ஏற்றிவிட்டு நின்றவர்களின் மனத்தை நினைத்துப் பாருங்கள். பெங்களூரில் தொழிற்பேட்டைக் கொட்டகைகளில் இரண்டே ஆண்டில் கட்டியது. தொலைமுனையில் எரிய வேண்டிய மோட்டார், நம் நாட்டின் எஸ்எல்வி-3 ராக்கெட்டின் நான்காம் அடுக்கிலிருந்து உருவாக்கியது. அந்த எஸ்எல்வி-3 அப்துல் கலாம் தலைமையில் வெற்றி கண்டு ஓராண்டுகூட ஆகவில்லை.

மோட்டார் சரியாக எரிந்தது. ஆனால் இரண்டு சூரியத் தகடுகளில் ஒன்று விரியவில்லை. மின்சாரம் குறைந்துபோன அந்தக் கோளை வைத்துக்கொண்டே தொலைக்காட்சி ஒளிபரப்பு, வானொலி இணைப்பு எனப் பல சோதனைகளைச் செய்தார்கள். 1983 செப்டம்பர் வரை, அதாவது இரண்டு ஆண்டுகளுக்கும் மேல், அது உழைத்தது. இதற்கிடையே 1982 ஏப்ரலில் இந்தியாவுக்காக அமெரிக்காவில் செய்து அமெரிக்க ராக்கெட்டிலேயே ஏவிய இன்சாட்-1ஏ ஐந்தே மாதத்தில் செயலிழந்தது. யாரையும் தாழ்த்த இதைச் சொல்லவில்லை. விண்வெளியில் எவருக்கும் எதுவும் நேரலாம். ஆனால் ஒற்றைச் சிறகோடு வேலை செய்துகொண்டிருந்த நம் செயற்கைக்கோளை ‘ஏழைகளின் முயற்சி’ என்று பார்க்கும்போது அதை உருவாக்கியவர்களின் அறிவை மறந்துவிடுகிறோம். அவர்கள் அங்கே கற்ற பாடத்தோடுதான் இன்சாட்-2 வரிசையை இங்கேயே கட்டினார்கள். இன்சாட்-2ஏ 1992 ஜூலையில் விண்ணுக்குப் போனது.

ஆப்பிள் திட்டத்தின் இயக்குநர் ஆர்.எம். வாசகம் தமிழர். பின்னாளில் அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர். உங்கள் கட்டுரையில் அவர் பெயர் ஓர் இடத்திலும் இல்லை. என் வகுப்பிலும் கலாமைத் தெரியாத பிள்ளை ஒருவர்கூட இருந்ததில்லை. வாசகத்தைத் தெரிந்த பிள்ளையை நான் பார்த்ததே இல்லை. அதில் ஆசிரியனாகிய எனக்கும் பங்கு உண்டு.

2031 ஜூன் 19 வந்தால் ஆப்பிளுக்கு ஐம்பது வயது. அதற்கு முன்பே, அந்தக் கொட்டகையில் கம்பி இணைத்தவர்கள், திறந்தவெளியில் அளவெடுத்தவர்கள் ஆகியோரைத் தேடிப் பேசி ஒரு தொடராகத் தாருங்கள். அவர்களெல்லாம் இப்போது எழுபது, எண்பதைத் தாண்டியிருப்பார்கள். அந்தப் படத்தை மறுபடி வெளியிடும்போது கீழே இப்படிப் போடுங்கள்: ‘ஆப்பிள் செயற்கைக்கோளின் ஆன்டெனா சோதனை. உலோகத்தின் குறுக்கீட்டைத் தவிர்க்க மாட்டுவண்டி.’

தங்கள் உண்மையுள்ள,
இயற்பியல் ஆசிரியர் (ஓய்வு),
தாராபுரம்