எந்த டயாட்டம் மண்?

ஐயா,

டயாட்டம் மண்ணைத் தூவினால் பயறில் வண்டு அண்டாது என்று தங்கள் விவசாயப் பக்கத்தில் வந்த குறிப்பு சரிதான். ஆனால் எந்த டயாட்டம் மண் என்று சொல்லாமல் விட்டது ஆபத்து.

நீரில் வாழும் ஒருசெல் பாசிகளின் சிலிக்கா ஓடுகள் அடுக்கடுக்காகப் படிந்து உண்டான மண் இது. கலிபோர்னியாவின் லோம்போக்கில் இருப்பது கடலடிப் படிவு. ஐஸ்லாந்தின் மீவாட்ன் ஏரியில் இருப்பது நன்னீர்ப் படிவு. 2004-இல் அங்கே எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். டென்மார்க்கின் ஃபூர் தீவு மண்ணில் களிமண் கலந்திருக்கும். அங்குள்ள செங்குத்துச் சரிவுகளில் எரிமலைச் சாம்பல் கறுப்புக் கோடுகளாகப் படிந்திருப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இடத்துக்கு இடம் மண்ணின் குணம் மாறும்.

அதைவிட முக்கியம் சூளை. நீச்சல் குளம், பீர் ஆலை வடிகட்டிகளுக்காக இந்த மண்ணைக் கடும் சூட்டில் சுடுகிறார்கள். அப்போது சிலிக்காவில் ஒரு பகுதி கிறிஸ்டோபலைட் என்ற படிகமாக மாறிவிடுகிறது. அந்தத் தூசியைத் தொடர்ந்து சுவாசிப்பவர்களுக்கு சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரலாம். தானியத்தில் தூவ வேண்டியது சுடாத மண். அது பூச்சியின் தோல் மேலுள்ள மெழுகை உறிஞ்சி, உடம்பின் ஈரத்தை வற்றவைத்துக் கொல்கிறது. (மண் ஈரமாகிவிட்டால் அந்த வேலை நடக்காது.)

இரண்டும் பார்வைக்கு மாவு போலத்தான் இருக்கும். சுட்டதா, சுடாததா என்று ஒவ்வொரு பையிலும் தமிழில் அச்சிடுவதை அரசு கட்டாயமாக்க வேண்டும். சுடாத மண்ணைத் தூவும்போதும் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளச் சொல்லி அடுத்த இதழிலேயே ஒரு வரி போடுங்கள்.

ஒரு வாசகர்,
திருச்சி