குவாதலூப்பிலிருந்து: நம் சங்கத்தின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். பொதுக்குழுவில் பிரெஞ்சில் வாசித்ததைப் புதுச்சேரி, காரைக்கால் நண்பர்களுக்காகத் தமிழில் எழுதி அனுப்புகிறேன்.

முதலில் தமிழ் வகுப்பு. செப்டம்பர் வந்ததும் வழக்கம்போல் பாதி நாற்காலி காலி. பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லாமல் இல்லை. பள்ளி முடிந்ததும் மேற்படிப்புக்கு பாரிஸ், துலூஸ் என்று விமானம் ஏறிவிடுகிறார்கள். கரீபியன் கடலிலுள்ள இந்தத் தீவு 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். விசா கிடையாது, உள்நாட்டுப் பயணம்தான். 1963இல் புமிதோம் என்று ஓர் அலுவலகமே திறந்து இங்குள்ள இளைஞர்களை அரசு அங்கே வேலைக்கு அனுப்பியது. அதை மூடி நாற்பது ஆண்டுக்கு மேல் ஆகியும் போகிறவர்கள் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள். ஜனவரி முதல் வகுப்பைக் காணொளியிலும் நடத்துகிறோம். நேர வித்தியாசத்தால் பாரிஸ் பிள்ளைகள் தூங்கி வழிகிறார்கள், ஆனாலும் வருகிறார்கள்.

மார்ச்சில் இங்குள்ள கூர்பேர் ஊரின் ஆவணக் காப்பகத்துக்குப் போனோம். அடிமை முறை 1848இல் ஒழிந்தபின் கரும்புத் தோட்டத்துக்கு ஆள் தேடியபோது, 1854 டிசம்பர் 24 அன்று ஒரேலி கப்பல் இந்தியாவிலிருந்து முதல் கூலிகளைக் கொண்டுவந்து இங்கே இறக்கியது. 1889க்குள் வந்தவர்கள் ஏறத்தாழ 42,000 பேர். நம் உறுப்பினர் ஒருவர் கொள்ளுத்தாத்தாவின் பதிவைக் கண்டுபிடித்தார். ஊர்ப் பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிவைத்திருக்கிறார். எந்த ஊர் என்று ஆளுக்கொன்று சொன்னோம். படம் இணைத்திருக்கிறேன், காரைக்கால்காரர்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

ஆன்றி சிதம்பரம் நினைவுக் கூட்டம் நன்றாக நடந்தது. இந்திய வம்சாவளியினரின் குடியுரிமைக்காக 1904 முதல் 1923 வரை அவர் போராடிய கதை, இங்குள்ள பள்ளிப் பிள்ளைகளுக்கே புதிதாக இருந்தது.

அப்புறம், ஆட்டுப் பலி விவகாரம். இங்கே மாரியம்மன் கும்பிடு என்றால் தப்பும் மத்தளமும் முழங்கும், கிடா வெட்டு நடக்கும், வந்தவர்கள் எல்லோருக்கும் கொலோம்போ என்னும் மசாலாக் கறி உண்டு. ஆப்பிரிக்க வம்சாவளி அண்டை வீட்டாரும் நேர்த்திக்கடனோடு வந்து வரிசையில் நிற்பார்கள். இந்தியாவுக்குப் போய்வந்த சிலர், பலி கூடாது, சைவப் படையல்தான் முறை என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். பெரியவர்கள் கோபமாக எழுந்து போய்விட்டார்கள். என் கருத்தைப் பதிவு செய்கிறேன்: பாதிரிமாரின் கண்டிப்பையும் தோட்ட முதலாளியின் கெடுபிடியையும் தாண்டி அம்மனைக் காப்பாற்றியவர்கள் அவர்கள். அம்மன் பாட்டின் பொருள் தெரியாமலே அதைத் தலைமுறை தலைமுறையாக மனப்பாடமாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். என்னைப்போல் புதுச்சேரியிலிருந்து நேற்று வந்தவர்கள் அவர்களுக்குச் சாமி கும்பிடச் சொல்லித்தருவது அதிகப்பிரசங்கித்தனம். தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. பதிலுக்கு, அந்தப் பாட்டுகளை ஒலிப்பதிவு செய்ய ஒரு குழு அமைத்தோம். ஒரு பூசாரி சம்மதித்துவிட்டார், மற்றவர்களிடம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

வரவு செலவு பொருளாளரின் அறிக்கையில் இருக்கிறது. கூடத்தின் வாடகை கூடிவிட்டது. சந்தா பாக்கி உள்ளவர்கள் இம்மாத இறுதிக்குள் கட்டிவிடவும்.

செயலாளர்